கரிப்பூச்சும் கட்டிங் வேஸ்ட்டும்

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பாய்ந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று, பல்லடத்திலும் உடுமலையிலும் தாராபுரத்திலும் நிற்கும் காற்றாலைகளை, திருப்பூர்ப் பனியன் தொழிலதிபர்களும் நூற்பாலைக்காரர்களும் தங்கள் தேவைக்கென நிறுவியவை உட்பட, இரவு பகல் பாராமல் சுழற்றுகின்றது. இரவில் மிகுதியாகும் அந்த மின்சக்தியை மறுநாள் மாலைக்கேனும் சேமித்துவைக்கச் சிக்கனமான சாதனம் வேண்டியிருப்பதனாலேயே, பேட்டரி ஆராய்ச்சி இவ்வட்டாரத்தார் அக்கறை கொள்ளவேண்டிய விஷயமாகின்றது.

இன்றைய லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலும் எதிர்முனையாக விளங்கும் கிராபைட், கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர் மணிக்கு மேல் கிரகிக்க இயலாதது. பொன்னென்று பலரையும் மயக்கிய பைரைட் என்னும் இரும்பு டைசல்பைடோ, கணக்குப்படி 894 வரை கிரகிக்கவல்லது. சல்பைடுகளின் இந்தச் சக்தி நேற்றுத் தெரியவந்ததன்று. டைட்டானியம் டைசல்பைடை நேர்முனையாகக் கொண்ட லித்தியம் மின்கலத்தை 1976-இலேயே உலகறியச் செய்த ஸ்டான்லி விட்டிங்ஹாம், 2019-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர்.

ஆயினும் பைரைட் போன்ற சல்பைடு, லித்தியத்தைக் கிரகிக்கும்போது இருமடங்குக்கு மேல் பருத்து, அதை விடும்போது சுருங்கி, சில நூறு மின்னேற்றச் சுற்றுகளுக்குள் பொடிந்து போகிறது. மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்துவதுமில்லை. அதன் கந்தகமோ சேர்மங்களாகப் பிரிந்து மின்கலத் திரவத்தில் கரைந்து ஓடிவிடுகிறது. இம்மூன்று குறைகளுக்கும் விஞ்ஞானிகள் கண்ட பரிகாரமே கரிப்பூச்சு. சல்பைடுத் துகள்களைக் குளுக்கோஸ் கரைசலில் இட்டு, இறுக மூடிய கலத்தில் ஏறக்குறைய 180 டிகிரியில் வேகவைத்தால், சர்க்கரை பழுப்புப் படலமாக ஒவ்வொரு துகளின்மேலும் படியும். அதனை உலர்த்தி, நைட்ரஜனோ ஆர்கானோ நிரம்பிய உலையில் சில நூறு டிகிரிக்குச் சுட்டால், படலம் கரியாகிவிடும். உலைக்குள் காற்று புகுந்துவிட்டாலோ கரி எரிந்துபோகும். கந்தகமும் நெடியேறும் புகையாய் வெளியேறிவிடும். உடல் அசைவுக்கெல்லாம் இசைந்து நீண்டு சுருங்கும் பின்னல் துணியைப்போல, அந்தக் கரிப்படலம் துகளோடு பருத்தும் சுருங்கியும் அதனைச் சிதறாமல் காக்கின்றது. படலத்தின் கனம் சில நானோமீட்டர் இருந்தால் போதும். மிஞ்சினால் லித்தியம் அயனிகளின் போக்குவரத்து தடைப்படும். உண்மையான கைத்திறன் இந்த அளவிலேதான் இருக்கின்றது.

இனி, கரிக்குச் சர்க்கரைதான் வேண்டுமென்பதில்லை. பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸ் ஆகையால், காற்றுப் படாமல் சூடேற்றினால் இழையின் வடிவம் கெடாமலே கரியாகும். அவ்விழைமேல் சல்பைடை வளர்க்கலாம். சாயத்தோடு உப்பும் பாலியஸ்டர் கலப்பும் உள்ள துண்டுகள் இதற்கு உதவா. பனியன் கம்பெனிகளின் கட்டிங் மேஜையடியில் குவிந்து, தரம் பிரிக்கப்பட்டு, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லுக்குப் போகும் வெள்ளைக் காட்டன் வேஸ்ட்டே தகுதியானது. லித்தியத்தைவிட மலிவான சோடியத்தைக் கொண்டு இயங்கும் மின்கலங்களுக்கும், அயனி பெரிதாகையால், இத்தகைய உறுதியான கரி இன்னும் அவசியமாகின்றது.

ஜவுளித் தொழிலதிபர் இத்தகைய ஆராய்ச்சிக்கு உதவுவது புதிதன்று. காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஜவுளி ஆலை நடத்திய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கியதனால் எழுந்தது. திருப்பூர் ஆலை முதலாளிகள், அவரைப் பின்பற்றி, தங்கள் வேஸ்ட் மூட்டைகளோடு பொருளுதவியும் தந்து இந்த ஆராய்ச்சியைத் தம் ஊருக்குரியதாக்கிக் கொள்ளவேண்டும்.