மலைச்சரிவும் இஞ்சினீயரிங் வகுப்பும்

மூணாற்றிலிருந்து தேவிகுளம் வழியாகப் போடிமெட்டுக்குச் செல்லும் சாலை லாக்ஹார்ட் கணவாயைக் கடந்து இறங்குகையில், சின்னக்கானலில் ஒரு கிளை பிரிந்து சூரியநெல்லியை அடைகின்றது. எங்கும் தேயிலை, மேலே கொழுக்குமலை, கீழே ஆனையிறங்கல் நீர்த்தேக்கம். உல்லாசப் பயணிகள் இக்காட்சியின் பொருட்டே வருகின்றனர். இஞ்சினீயரிங் பயிலும் மாணவன் இங்குக் காண வேண்டுவதோ வேறு. மலையை வெட்டி அமைத்த சாலை, மண்ணால் எழுப்பிய அணை, சரிவுகளில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் ஆகிய மூன்றும் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்துள்ளன. மூன்றிற்கும் அடிப்படையான வினா ஒன்றே: மண் எப்பொழுது நிற்கும், எப்பொழுது சரியும்?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் பகுதியான இச்சாலையை அகலப்படுத்தும் பணியின்போது, 2019-ஆம் ஆண்டிலும் 2020-ஆம் ஆண்டிலும் கணவாய்ப் பகுதியில் பெருஞ்சரிவுகள் ஏற்பட்டன. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை இடிந்து லயங்களின்மேல் விழுந்ததில் 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்களும் அவர்தம் குழந்தைகளும் ஆவர். பெட்டிமுடியில் சரிந்தது சாலைக்காக வெட்டிய சரிவன்று, இயற்கைச் சரிவு. இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் தவறு. ஆயினும் இரண்டிலும் மழைநீர் செய்த வேலையை அறிய ஒரே பாடம் போதும்.

அப்பாடம் சிவில் இஞ்சினீயரிங் வகுப்புகளில் கற்பிக்கப்படாமலில்லை. அதைக் கற்பிக்கும் முறையே கவனித்தற்குரியது. பரீட்சை வினா வழக்கமாக இவ்வாறு அமைகின்றது: சரிவின் சாய்வு 25 பாகை, ஒட்டுந்தன்மையற்ற மண்ணின் உராய்வுக் கோணம் 35 பாகை, பாதுகாப்புக் காரணி யாது? மாணவன் இரு கோணங்களின் டான்ஜென்ட் மதிப்புகளை எடுத்து, 0.70-ஐ 0.47-ஆல் வகுத்து, 1.5 என விடை எழுதுகின்றான். முழு மதிப்பெண்ணும் கிடைக்கின்றது. ஆனால் அம்மண் உலர்ந்ததா, நனைந்ததா என்பதை அவன் கேட்கவில்லை. வினாவில் அது இல்லை. ஆகவே அவன் மனத்திலும் அது எழவில்லை.

மழைநீர் மண்ணில் நிரம்பிச் சரிவின் போக்கிலேயே ஒழுகுவதாகக் கொள்க. நனைந்த மண் ஒரு கனமீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் எடையுள்ளது. அதில் சுமார் 1 டன்னை நீரின் மிதப்பு விசை தாங்கிக்கொள்வதால், மண்துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் விசை பாதியாகின்றது, உராய்வும் பாதியாகின்றது. மண்ணைக் கீழ்நோக்கி இழுக்கும் எடையோ சிறிதும் குறைவதில்லை. எனவே 1.5 என்ற காரணி 0.75 அளவிற்கு இறங்குகின்றது. ஒன்றுக்குக் குறைந்தால் சரிவு நில்லாது. அதே மலை, அதே மண். ஏட்டில் பாதுகாப்பானது, ஆடி மாதத்தில் அபாயமானது.

உண்மையான மலைமண் இவ்வளவு எளியதன்று. களிமண்ணின் ஒட்டுந்தன்மையும் வேர்களும் அதற்கு வலுவூட்டும். கோடையில் துகள்களுக்கிடையேயுள்ள சிறிதளவு ஈரமும் அவற்றை இழுத்துப் பிடிக்கும். கடற்கரை ஈரமணலில் குழந்தைகள் கட்டும் வீடு நிற்பது இதனாலேயே. செங்குத்தாக வெட்டிய சாலையோரம் கோடை முழுவதும் அசையாது நின்று, பெருமழையில் ஒரே இரவில் வீழ்வதன் இரகசியமும் இதில் அடங்கியுள்ளது.

மாணவர் குழுவொன்றை இத்தகைய சரிவுக்கு எதிரே நிறுத்தினால் பாடம் தலைகீழாகின்றது. இங்கு எந்த எண்ணும் கொடுக்கப்படவில்லை. கோணமானியும் தூக்குக்குண்டும் கொண்டு சாய்வை அளக்க வேண்டும். மண்ணை எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊற்று எங்கே கிளம்புகின்றது, சென்ற மழைக்காலத்தில் எந்த மரம் சாய்ந்தது என்பவற்றைத் தோட்டத்தில் நெடுநாள் உழைத்தவர்களிடம் கேட்டறிய வேண்டும். அளப்பதற்கு முன், இச்சரிவு நிற்குமா என்று ஒவ்வொருவனும் தன் ஊகத்தைக் காரணத்துடன் எழுதித் தருதல் மிக முக்கியம். எழுதிய ஊகம் பொய்த்தால் அதை மாணவன் மறப்பதில்லை. ஆசிரியர் கூறிய விடையை மறந்துவிடுகின்றான். புதிதாக வெட்டிய சரிவின் அடியிலோ, மழைக்காலத்திலோ மாணவரை நிறுத்தலாகாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இம்முறை புதியதன்று. பின்னர்க் கிண்டி இஞ்சினீயரிங் கல்லூரியாக வளர்ந்த நில அளவைப் பள்ளி, 1794-இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் சென்னையில் எட்டுச் சிறுவர்களுடன் தொடங்கியது. நிலத்தை அளக்கும் வேலையே அவர்களுக்குப் பாடம். மண் இயக்கவியலின் தந்தை எனப் போற்றப்படும் கார்ல் டெர்ஸாகி, இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்தபோது சுருட்டுப் பெட்டிகளையும் கழித்துப்போட்ட பொருள்களையும் கொண்டே தம் முதற் சோதனைக் கருவிகளை அமைத்தார். அவருடன் பணியாற்றிய ரால்ஃப் பெக், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உண்மையில் நிகழ்ந்த கட்டுமானச் சிக்கல்களையே பாடமாக வைத்து, முடிவை ஒரே தாளில் எழுதித் தருமாறு மாணவரைப் பணித்தார். கருவி இல்லை, பணம் இல்லை என்னும் நம் வழக்கமான சமாதானத்திற்குச் சுருட்டுப் பெட்டி தக்க விடையாகும்.

வகுப்பறைக்குள்ளும் இதன் பயன் சோதிக்கப்பட்டுள்ளது. விஞ்ஞானம், கணிதம், இஞ்சினீயரிங் ஆகியவற்றைக் கற்பிப்பது குறித்த 225 ஆய்வுகளை ஸ்காட் ஃப்ரீமனும் அவர் குழுவினரும் தொகுத்து ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டனர். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வியடையும் வாய்ப்பு, மாணவர் தாமே சிந்தித்து ஈடுபட்ட வகுப்புகளைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு எனக் கண்டனர்.

இடையூறுகளும் உண்டு. அறுபது மாணவர் உள்ள வகுப்பை மலைக்கு அழைத்துச் செல்வது எளிதன்று. பாடத்திட்டம் முடியவில்லையே என்ற அச்சம் ஆசிரியரை விடுவதில்லை. சிவில் மாணவர்க்குரிய நில அளவை முகாமிலேயே ஒரு நாளை இதற்கென ஒதுக்குவது முதற்படியாகலாம். பரீட்சைத் தாளில் ஒரு வினாவிலேனும் தேவையான எண்ணொன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு, எதை அளக்க வேண்டும், ஏன் என்று கேட்பது அதனினும் எளிது. பரீட்சை மாறாதவரை வகுப்பு மாறுமென எதிர்பார்ப்பது வீண்.

மூணாற்றில் 2000-ஆம் ஆண்டு முதல் இஞ்சினீயரிங் கல்லூரி ஒன்று உள்ளது. சூரியநெல்லிக்கு அங்கிருந்து ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பலாம். பள்ளி ஆசிரியரும் களப்பணியாளரும் இதிற் பங்குகொள்ள இயலும். நேராக நிறுத்திய புட்டியும் புனலும் மழைமானியாகும். துளையிட்ட குழாயொன்றைச் சரிவில் புதைத்து, அதனுள் நீர் நிற்கும் உயரத்தை நாள்தோறும் குறித்து வரலாம். மழை எத்தனை மில்லிமீட்டர் பெய்தபின் குழாயில் நீர் ஏறத் தொடங்கியது என்னும் கணக்கு இரண்டு பருவங்களுக்குச் சேர்ந்துவிட்டால், அச்சரிவைப் பற்றிய அடுத்த வினாவைக் கல்லூரி மாணவனுக்கு முன் பள்ளிச் சிறுமியே கேட்டுவிடக்கூடும்.