ஒரு பெரிய கோவாவும் ஒரு சிறு குடும்பமும்

சென்ற மாதம் வெலிமடையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் எமக்கென ஒரு கோவாவைக் கொணர்ந்தார். நிறுத்துப் பார்த்தோம், மூன்று கிலோவிற்குச் சற்று அதிகம். வீட்டில் உண்பவரோ நால்வர். "இஞ்சாருங்கோ, இதை எண்டைக்குத் தின்று முடிக்கிறது? பாதியை அயலுக்குக் குடுப்பம்" என்றார் எம் இல்லத்தரசியார். அயலவர்க்கு ஈவது நன்றே. ஆயினும், தின்னத் தெரியாமையால் ஈவதை ஈகை என்னலாமோ? விலை வீழ்ந்த வாரங்களில் வெட்டுக்கூலிக்கும் காணாதென்று கோவாவைத் தோட்டத்திலேயே அழுக விடுவதுண்டு என நண்பர் கூறியதும் எம் நெஞ்சை உறுத்திற்று. ஓரிலையும் வீணாக்குவதில்லை என முடிவு செய்தோம்.

கோவாவை வெறுக்கும் மாணவரை நாம் நன்கறிவோம். நாமும் அவ்வாறு வெறுத்தவரே. நாம் விடுதியில் வாழ்ந்த காலத்தில் கோவாக் கறியின் வாடை உணவு மணிக்கு முன்னரே படிப்பறைக்கு வந்துவிடும். குற்றம் கோவாவினதன்று. கடுகின் குடும்பத்தைச் சேர்ந்த இதில் கந்தகச் சேர்வைகள் உள. நெடுநேரம் வேகுந்தோறும் அவை சிதைந்து அவ்வாடையை எழுப்புகின்றன. விரைவில் இறக்கிய கோவா இனிக்கும். அவித்த நீரைக் கொட்டுவோரோ உயிர்ச்சத்து 'சி'யில் ஒரு பகுதியையும் சேர்த்தே கொட்டுகின்றனர்.

பெரிய கோவாவை நடுவே பிளத்தலாகாது. வெட்டிய முகம் விரைவில் உலர்ந்து கறுக்கும். அடியில் காம்பைக் கீறி, வேண்டிய இலைகளை மட்டும் வெளிப்புறமிருந்து கழற்றி எடுத்தால், எஞ்சியது குளிர்ப்பெட்டியில் பல நாள் கெடாதிருக்கும்.

முதல் இரு நாட்களும் வறை. பலர் குப்பையில் எறியும் கரும்பச்சை இலைகளே இதற்கு ஏற்றவை. உப்பு நீரில் சிறிது நேரம் ஊறவிட்டுக் கழுவி, மயிரிழைபோல் அரிதல் வேண்டும். சோம்பல் கொண்டு தடிப்பாக அரிந்தால் வறை வறையாகாது. தாச்சியில் எண்ணெய் சூடானதும் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் என்பவற்றைத் தாளித்து, கோவாவை உப்பு மஞ்சளுடன் இட்டு, கடுந்தீயில் மூடாது கிளறுக. ஒரு துளி நீரும் வேண்டா. கோவாவில் பத்தில் ஒன்பது பங்கு நீரே. ஐந்தாறு நிமிடத்தில் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்குக. தேசிக்காய்ப் புளி இறக்கிய பின்னரே.

நடு இலைகள் மைசூர்ப் பருப்புடன் பாற்கறியாயின. பருப்பு முக்கால் வெந்த பின்னரே கோவாவை இடவேண்டும், முதற்பால் இறுதியில். மற்றொரு நாள் பொடியாய் அரிந்து, தேங்காய்ப்பூவுடன் கோதுமை மாவிற் குழைத்து ரொட்டி சுட்டோம். வெண்ணிறக் குருத்தோ அடுப்பை அணுகவேயில்லை. வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளி சேர்ந்த சம்பலாயிற்று.

எஞ்சியது தண்டு. மேல்நாரைச் சீவித் துண்டுகளாக்கிப் பதினோராம் நாள் சாம்பாற்றில் இட்டார் இல்லத்தரசியார். கோவாவென்றால் முகஞ்சுளிக்கும் எம் இளைய மகன் நோக்கோல் எனக் கருதி இருமுறை கேட்டு வாங்கி உண்டான். கோவா, பூக்கோவா, நோக்கோல் யாவும் ஒரே தாவர இனத்தின் பேதங்களாதலின் அவன் கருதியது பெரும்பிழையுமன்று. அவன் கைகழுவி எழும்வரை நாம் வாய்திறக்கவில்லை.