பிரஷ் தொடாத பிரஷ் எழுத்து!

சினிமா போஸ்டர், ஐஸ்கிரீம் கடை போர்டு இவற்றில் சில ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால், யாரோ பிரஷ்ஷைப் பெயின்டில் தோய்த்து, சர்ரென்று எழுதியது போலவே இருக்கும். ஆனால், பல நேரங்களில் அது கம்ப்யூட்டரில் டைப் அடித்ததுதான்!

இந்த வகை எழுத்துருக்கள், கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டன. அமெரிக்காவில், ராபர்ட் ஸ்மித் வடிவமைத்த, 'பிரஷ் ஸ்கிரிப்ட்' 1942ல் வெளியானது. பிரான்ஸ் நாட்டின் மார்செய் நகரில் இருந்த, 'ஒலிவ்' என்ற அச்செழுத்து நிறுவனம், 1953ல், 'மிஸ்ட்ரல்' எழுத்தை வெளியிட்டது. தெற்கு பிரான்சில் வேகமாக வீசும் குளிர்காற்றின் பெயர் அது. வடிவமைத்த ரோஜே எக்ஸ்கோபான், தன் சொந்தக் கையெழுத்தையே மாதிரியாக வைத்துக் கொண்டார்.

அதில் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி ஈயத் துண்டு. அவற்றை வரிசையாக அடுக்கி, மை தடவித்தான் அச்சடிக்க வேண்டும். கையெழுத்திலோ, எழுத்துகள் ஒன்றோடு ஒன்று கோர்த்து ஓடும். தனித்தனி துண்டுகளை எப்படி ஒட்ட வைப்பது?

ரயில் பெட்டிகளைப் பாருங்கள். இணைக்கும் கொக்கிகள் ஒரே உயரத்தில் இருப்பதால், ஒன்றின் பின் ஒன்றாக மாட்ட முடிகிறது. அதே தந்திரம்தான்! ஒரு எழுத்தின் வால் முடியும் உயரத்திலேயே, அடுத்த எழுத்து ஆரம்பிக்கும்படி வரைந்தார். அடுக்கி அச்சடித்தால், பேனாவை எடுக்காமல் எழுதியது போல் இருந்தது.

சரி, கையால் எழுதியதா, டைப் அடித்ததா என்று எப்படி கண்டுபிடிப்பது? 'பனானா' என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். மூன்று, 'ஏ' வரும். உற்றுப் பாருங்கள், மூன்றும் கொஞ்சமாவது மாறியிருக்கும். டைப் அடித்ததில், மூன்றும் அச்சு அசலாக ஒன்றுதான். இப்போது வரும் சில எழுத்துருக்கள் மகா கெட்டி. ஒரே எழுத்துக்கு இரண்டு, மூன்று வடிவங்களை ஒளித்து வைத்து, மாற்றி மாற்றிப் போட்டு நம்மை ஏமாற்றும்!

அழகாக இருக்கிறதே என்று, எல்லா இடத்திலும் இதைப் போடலாமா? கூடாது. சின்ன அளவில் அச்சிட்டால், தடித்த கோடுகள் ஒன்றோடு ஒன்று அப்பிக் கொள்ளும். மருந்து பாட்டிலில், 'எத்தனை சொட்டு' என்பதைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும்? மின்சார அபாய பலகையை, நின்று நிதானமாகப் படிக்க நேரம் இருக்குமா? அங்கெல்லாம் தெளிவான, சாதாரண எழுத்துதான் வேண்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளை மட்டுமே இந்த பாணியில் அடுக்கினாலும், படிக்கச் சிரமம்தான்.

அடுத்த முறை, பள்ளி விழாவுக்கு போஸ்டர் செய்கிறீர்களா? தலைப்பு மட்டும் பிரஷ் எழுத்தில், பெரிதாகத் துள்ளட்டும். தேதி, நேரம், இடம் மூன்றும் சாதாரண எழுத்தில் இருக்கட்டும். பார்ப்பவர்கள் ரசிக்கவும் செய்வர். சரியான நேரத்துக்கு வந்தும் சேர்வர்!