எரிவது தோட்டமா, காடா? வீட்டு கம்ப்யூட்டரில் பார்க்கலாம்!

மாசி, பங்குனியில் ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே புகை தெரியும். கரும்புத் தோகை எரிகிறது என்றால் ஆஸ்துமா உள்ள அம்மாவுக்காக ஜன்னலை மூடினால் போதும். மலைக்காடு என்றால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம்.

எது எரிகிறது என்று அறிய நாசாவின் 'ஃபர்ம்ஸ்' தளம் உதவும். கட்டணம் கிடையாது. கூகுளில் 'நாசா ஃபர்ம்ஸ்' என்று தேடித் திறந்து, மேப்பில் நம் ஊரைப் பெரிதாக்கி, தேதியைத் தேர்ந்தெடுங்கள். தீ கண்ட இடங்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

புள்ளி எப்படி வருகிறது? சாட்டிலைட்டில் உள்ள 'விர்ஸ்' என்ற சென்சார், தரையின் சூட்டை அகச்சிவப்புக் கதிர்கள் மூலம் அளக்கிறது. சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடான கட்டத்தைத் தீ என்று குறிக்கிறது. ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 375 மீட்டர். புள்ளி விழுவது அதன் நடுவில். எனவே அடிவாரத் தோப்பில் புள்ளி இருந்தாலும், எரிவது பக்கத்துக் காடாக இருக்கலாம்!

புகையைப் பார்க்க நாசாவின் 'வேர்ல்ட்வியூ' தளத்தில் அதே தேதியின் படத்தைத் திறங்கள். பெரிய தீயானால் புகை சாம்பல் நிறத்தில் நீண்டு, காற்றின் திசையையும் காட்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சாட்டிலைட்டுகள் நம் பகுதியைக் கடப்பது பகலிலும் இரவிலும் சுமார் 1.30 மணிக்கு. மாலை நான்கு மணிக்கு மூட்டி ஆறுக்குள் அணைந்த தீ மேப்பில் வராது. மேகம் மறைத்தாலும் வராது. ஒருநாள் கண்ணெதிரே புகை. மேப்பில் ஒரு புள்ளிகூட இல்லை. அன்று முதல் நான் செய்வது இதுதான்: மலையில் புகை கண்டால் முதலில் போன், பிறகுதான் கம்ப்யூட்டர்.