தொட்டாச்சிணுங்கி என்று யாரைச் சொல்கிறோம்?

அரூர், பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து ஊர்களிலிருந்து கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலைகளுக்கு ஏஜென்ட் வழியாகப் பெண்பிள்ளைகள் போவது தர்மபுரிக்குப் புதிதல்ல. மானாவாரி நிலம், மழை பொய்த்தால் கூலியும் இல்லை. சுமங்கலித் திட்டம் அந்த வறுமையை நம்பித்தான் ஓடியது. மூன்று ஆண்டு வேலை, ஆலை வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல், கடைசியில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் விட்டு வந்தால் அந்தத் தொகை பெரும்பாலும் கைக்கு வராது.

சூப்பர்வைசரின் வசவு, தண்டனையாக வரும் நைட் ஷிப்ட், கூட இருப்பவர்களைப் பேசவிடாமல் ஒதுக்கி வைப்பது எனச் சென்ற வாரம் பார்த்த கொடுமைகளை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். ஒருத்தி தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல் உடைந்துபோகிறாள். பக்கத்து மெஷினில் நிற்பவள் தாங்கிக்கொள்கிறாள். உடனே, “அவ தொட்டாச்சிணுங்கி” என்று தீர்ப்பு வந்துவிடுகிறது, வீட்டிலிருந்தும்கூட.

அந்தத் தீர்ப்பு தவறு. பணியிடக் கொடுமையை முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான ஹைன்ஸ் லேமன், 1980-களிலேயே ஸ்வீடனில் இதை எடுத்துச் சொன்னார். பாதிக்கப்பட்டவரிடம் நாம் பார்க்கும் பதற்றமும் சந்தேகமும் கொடுமையால் விளைந்தவை, அதற்குக் காரணமானவை அல்ல என்பது அவர் வாதம்.

2008-இல் நார்வேயின் பெர்கன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இன்னும் முக்கியமானது. நடப்பது புரிகிறது, சமாளித்துவிடலாம், வாழ்வுக்குப் பொருள் இருக்கிறது என்ற உள்நம்பிக்கை பாதிக்கப்பட்டவர்களை எந்த அளவு காக்கிறது என்று அவர்கள் பார்த்தார்கள். கொடுமை குறைவாக இருந்தபோது அது நன்றாகவே காத்தது. கொடுமை கூடக்கூட அந்தக் காப்பு தேய்ந்தது. “தைரியமா இரு கண்ணு” என்று பஸ் ஏற்றிவிடும் அம்மாவின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால், அதை மட்டும் நம்பிப் பிள்ளையை அனுப்புவது நியாயமில்லை.

அதற்கு மேல் காப்பது எது? கூடப் பேச ஓர் ஆள், புகாரைக் கேட்க ஓர் இடம், வேலையை விட்டாலும் பிழைக்கலாம் என்ற நிலை. ஹாஸ்டல் பூட்டும், கடைசியில் தருவதாகச் சொன்ன தொகையும், வீட்டுக் கடனும் இந்த மூன்றையும் அடைத்துவிடுகின்றன. தலித், பழங்குடிப் பெண் என்றால் வசவோடு சாதியும் சேர்ந்து வரும்.

இந்த அடைப்பைத் திறந்து காட்டிய இடம் திண்டுக்கல். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆயத்த ஆடை ஆலையின் இளம் தலித் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் அந்த ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்டு எம் உள்ளிட்ட வாங்கும் நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. அதன் உயிர்நாடி, தொழிலாளர்களிலிருந்தே யூனியன் தேர்ந்தெடுக்கும் கண்காணிப்பாளர்கள். 25 பேருக்கு ஒருவர். வசவு விழும் லைனிலேயே, பழிவாங்கப்பட மாட்டோம் என்ற உறுதியோடு, கேட்க ஓர் ஆள் நின்றார். ஒருத்தியின் மன உறுதியை அளந்து பார்க்கும் வேலையே அங்கே தேவைப்படவில்லை.

தர்மபுரிப் பெண்கள் போகும் நூற்பாலைகளில் பெரும்பாலானவற்றில் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும். சாதி வசவுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. இரண்டிலும் சேராத அன்றாட அவமதிப்புக்கு இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. பணியிட வன்முறை, துன்புறுத்தலுக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கை 2021-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

(தொடரும்)