பெரிய திரை மடிக்கணினி: தேவையா, பெருமையா?

பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள் பெரிய திரையுள்ள, விலையுயர்ந்த மடிக்கணினியே வேண்டுமெனக் கேட்கின்றனர். அன்புச் சகோதரிகளே, மறுக்குமுன்னும் வாங்குமுன்னும் நன்மை தீமைகளைச் சற்று நிறுத்துப் பார்ப்போம்.

அப்பிள் நிறுவனம் 2021இல் வெளியிட்ட 16 அங்குல மெக்புக் புரோவை உதாரணமாகக் கொள்வோம். அதில் இரு பக்கங்களை அருகருகே வைத்து வாசிக்கலாம். எழுத்துகள் தெளிவானவை. வீடியோ தொகுப்பு போன்ற கனமான வேலைகளுக்கும் ஈடுகொடுக்கும்.

மறுபுறம், அதன் நிறை 2 கிலோவுக்கும் அதிகம். பஸ்ஸில் நின்றுகொண்டே செல்லும் பிள்ளையின் தோள்தான் அதைச் சுமக்க வேண்டும். நினைவகத்தையும் பின்னர் கூட்ட முடியாது. வாங்கும்போதே தீர்மானித்தாக வேண்டும். 2023இல் வந்த 15 அங்குல மெக்புக் எயாரோ சுமார் ஒன்றரைக் கிலோதான்.

கட்டுரை எழுதவும் விரிவுரை கேட்கவும் சாதாரண மடிக்கணினியே போதும். வீட்டில் பெரிய திரை தேவையெனில், தனித் திரையொன்றை வாங்கி இணைத்துக்கொள்ளலாம்.

வரைகலைத் தொழில் செய்யும் மகளுக்கு அது உழைப்புக் கருவி. தோழியிடம் இருப்பதற்காகக் கேட்கும் மகளுக்கு அதுவே வீண்விரயம். திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் வீண்விரயத்தை வன்மையாகக் கண்டிக்கிறது. அதற்காக நகையை வட்டிக்கு அடகு வைப்பதோ அதனினும் பாரதூரமானது. கையிலுள்ள ஹலாலான பணத்துக்குள் அடங்குவதை வாங்கிக் கொடுங்கள். அதில்தான் பரக்கத் உண்டு.