குதிரையின் சம்மதம்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில், டிசம்பர் மாதத்தின் பிற்பகுதியில், சூரியன் முற்பகல் 11.20 மணிக்கு மேல் உதித்து, பிற்பகல் 3.30 மணிக்கெல்லாம் அஸ்தமித்துவிடுகிறான். வடக்கே செல்லச் செல்ல அந்த நான்கு மணி நேரப் பகலும் குறுகிக்கொண்டே போகிறது. இத்தகைய இருண்ட பருவத்தையே அத்தீவின் மக்கள் குதிரைப் பயிற்சிக்கு உகந்த காலமாகத் தேர்ந்துகொண்டிருக்கிறார்கள். கோடையில் நெடும்பிரயாணங்களிலும், செப்டம்பர் மாதத்தில் மலைமேய்ச்சலிலிருந்து ஆட்டு மந்தைகளைத் திரட்டி ஓட்டிவருவதிலும் உழைத்துக் களைத்த சவாரிக் குதிரைகள், பின்னர் லாடம் கழற்றப்பட்டு வெட்டவெளியில் சுயேச்சையாகத் திரிந்து ஓய்வெடுத்து, புத்தாண்டையொட்டி மறுபடியும் லாயத்துக்குக் கொண்டுவரப்படுகின்றன. உறைபனியில் கால் வழுக்காதபடி கூர்முனை ஆணிகள் பதித்த லாடங்களை அடித்தவுடன் அவற்றின் பாடங்கள் தொடங்குகின்றன.

உருவத்தைப் பார்த்தால் இவற்றை மட்டக்குதிரை என்றே சொல்லத் தோன்றும். தோளுயரம் பெரும்பாலும் 130 முதல் 145 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆயினும் வளர்ந்த மனிதனைச் சுமந்துகொண்டு எரிமலைக் குழம்பு இறுகிய பாறைநிலங்களையும் பனியாறுகளின் உருகுநீர்ப் பெருக்கையும் கடந்து செல்லும் வல்லமை பெற்ற இந்த ஜாதியை, அந்நாட்டார் குதிரை என்றே மரியாதையுடன் குறிப்பிடுகிறார்கள். நார்வீஜியக் குடியேறிகள் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் ஏற்றிவந்த குதிரைகளின் சந்ததி இது. அயல்நாட்டுக் குதிரைகள் தீவுக்குள் வருவதை 982ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்ததாகச் சொல்வது மரபு. வெளிநாடு சென்ற ஐஸ்லாந்துக் குதிரை மீண்டும் தாயகம் திரும்பக்கூடாது என்னும் விதி இன்றும் தவறாமல் அனுசரிக்கப்படுகிறது. குதிரையின் வயதை எத்தனை குளிர்காலம் கண்டது என்று கணக்கிடுவதும் அங்குள்ள வழக்கம். நான்கு குளிர்காலம் கண்ட குதிரைதான் பெரும்பாலும் சவாரிப் பயிற்சிக்கு வந்து நிற்கிறது.

பொழுது புலராத காலை வேளையில் பயிற்சியாளர் முதலில் செய்கிற காரியம் உலர்புல்லை அள்ளிப் போடுவதுதான். இதில் பசியாற்றுவதற்கு மேற்பட்ட ஒரு சூக்ஷ்மமும் இருக்கிறது: நார்ச்சத்து மிகுந்த அந்தப் புல், குதிரையின் பெருங்குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்களால் நொதிக்கப்படும்போது உண்டாகிற உஷ்ணம் உடம்பை உள்ளிருந்தே காக்கிறது, தானியத்தால் அத்தனை வெப்பம் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து காப்பது ரோமம். பகற்பொழுது குறையத் தொடங்குவதைக் கண்ணின் வழியே உணர்ந்த சரீரம், குளிர் வருமுன்னரே அடர்ந்த ரோமத்தை வளர்த்துவிடுகிறது; கடுங்குளிரில் அந்த ரோமம் சிலிர்த்து நின்று தன்னிடையே காற்றைச் சிறைப்பிடித்துக்கொள்கிறது. பனி தூவிய முதுகுடன் குதிரை நிற்பதைக் கண்டு, அறியாதவர் இரக்கப்படுவார்கள். பனி உருகாமல் முதுகின் மேல் தங்கியிருப்பதே உள்ளிருக்கும் வெப்பம் வீணாகவில்லை என்பதற்குச் சரியான சாட்சி. இதற்குச் சத்துரு குளிரைக் காட்டிலும் ஈரம்தான். தோல்வரை நனைந்த ரோமம் ஒட்டிப் படிந்துபோனால் காற்றும் இல்லை, காப்பும் இல்லை.

குதிரையின் கண் இருளில் நம்முடையதைவிட நன்றாகப் பார்க்கும். ஆனால் இருளிலிருந்து வெளிச்சத்துக்கோ வெளிச்சத்திலிருந்து இருளுக்கோ மாறுவதற்கு அதற்கு நம்மைவிட அதிக நேரம் வேண்டும். ஆகையால் விளக்கெரியும் லாயத்துக்குள் அழைத்துவரும்போது வாசலில் சிறிது நிற்கவிடுவதும், கண்ணுக்குப் புலப்படாத பின்புறத்தை விட்டுத் தோளருகே பேச்சுக் கொடுத்துக்கொண்டே நெருங்குவதும், உறைந்து கிடக்கும் கடிவாள இரும்பை வாயில் பொருத்துமுன் உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றுவதும், சிறு காரியங்களாகத் தோன்றினாலும் என் அபிப்பிராயத்தில் அன்றைய பயிற்சியின் பாதிப் பங்கு இவற்றிலேயே முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி தரையில் நின்றே நடக்கிறது. இளங்குதிரையின் முதுகில் உடனே ஏறிவிடுவதில்லை. நீண்ட கயிற்றில் பிடித்துச் சுற்றிவரச் செய்வார்கள்; அனுபவமுள்ள வேறொரு குதிரையின் மேல் ஏறிக்கொண்டு இதைப் பக்கத்தில் கூட்டிப் போவார்கள். கயிற்றை இலேசாக இழுத்தால் குதிரை ஓரடி எடுத்து வைக்கிறது. வைத்த அந்தக் கணத்திலேயே இழுப்பு தளர வேண்டும். இழுத்ததனால் அது கற்பதில்லை, தளர்ந்ததனால்தான் கற்கிறது. தளர்த்துவதில் சிறிது தாமதித்தாலும், எதற்காக விடுதலை கிடைத்தது என்று அந்த ஜீவனுக்கு விளங்காமற் போய்விடும். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றத்தைப் பற்றி நூல் எழுதிய கிரேக்கரான ஸெனபோன், கோபத்தோடு ஒருபோதும் குதிரையை அணுகலாகாது என்று விதித்துச் சென்றார். கோபங்கொண்ட கை தளர மறந்துவிடுகிறது என்பதனால், இந்த விதிக்கு இன்றும் வலிமை குன்றவில்லை. பரிசாகத் தின்பண்டம் கொடுப்பவர் உண்டு; அதைவிட எனக்குப் பிடித்தது, பிடரி மயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் விரல்களால் நன்றாகச் சொறிந்துவிடுவது. குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிவிட்டுக்கொள்கிற இடம் அதுவே. அவ்விடத்தைச் சொறியும்போது இருதயத் துடிப்பே தணிகிறது என்று, பிரான்ஸ் தேசத்துக் கமார்க் குதிரைகளை ஆராய்ந்தவர்கள் 1993இல் எடுத்துக்காட்டினார்கள்.

பகல் வெளுத்தபின் சவாரி. நடை, ஓட்டம், பாய்ச்சல் ஆகிய மூன்றோடு, ஐஸ்லாந்துக் குதிரைக்கு 'டொல்ட்' என்னும் விசேஷமான நடையும் உண்டு: ஒரு பக்கத்துப் பின்கால், அதே பக்கத்து முன்கால், பின்னர் மறுபக்கத்தின் பின்காலும் முன்காலும் என நான்கு தாளமாக அடிவைத்து, ஏதேனும் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும்படி அது விரைகையில், சவாரி செய்பவர் கையிலுள்ள கிண்ணத்துப் பானம்கூடச் சிந்துவதில்லை, இதைக் காட்டுவதற்கென்றே வேடிக்கைப் போட்டிகள் நடக்கின்றன. இந்நடைக்கு அடிப்படை, முதுகுத்தண்டின் நரம்புகள் கால்களை இயக்குவதில் பங்குகொள்ளும் டி.எம்.ஆர்.டி.3 என்னும் மரபணுவில் ஏற்பட்டதொரு மாறுதல் என்று சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். பிறவியில் வந்த திறமைதான். எனினும் சவாரிக்காரரின் பாரத்தோடு சமநிலை கெடாமல் அதைச் செய்வதற்குக் குளிர்கால மாதங்கள் முழுவதும் பொறுமையான அப்பியாசம் தேவைப்படுகிறது. ஏரிகள் கனத்து உறைந்தபின் பனிக்கட்டியின் மேலேயே டொல்ட் பந்தயங்கள் நிகழ்கின்றன.

வியர்க்கும்படி வேலை வாங்கிய குதிரையை அப்படியே குளிரில் நிறுத்துவது பெரும் பாதகம். உடல் உலரும்வரை மெல்ல நடத்தவேண்டும். அதன்பின் சேணம் இறக்கி முற்றத்தில் விட்டால் விளையாட்டு ஆரம்பமாகிறது. பனியில் புரளும், எழுந்து உதறும், கூட்டாளியின் கழுத்தைப் பொய்யாகக் கடிக்கும், பின்னங்கால்களை வீசிக்கொண்டு ஓடும். பெரிய பந்து ஒன்றை உருட்டிவிட்டால் மூக்கால் தள்ளிக்கொண்டு போகிற குதிரைகளும் உண்டு. கயிறு இல்லாத இவ்வேளையில் தானாக மனிதரிடம் வந்து நிற்கிறதா என்று பார்ப்பதே, அன்றைய பயிற்சியில் அதற்குச் சம்மதம் இருந்ததா என்று அறிகிற வழி.

குதிரைக்கு அபிப்பிராயம் உண்டா என்று ஐயுறுவோருக்கு, அண்டை நாடான நார்வேயில் நடந்து 2016இல் வெளிவந்த ஒரு பரிசோதனை விடையளிக்கிறது. போர்வையைப் போர்த்து, போர்வையை எடு, இருந்தபடி இருக்கட்டும் என்னும் மூன்று விருப்பங்களுக்கு மூன்று பலகைகள் வைத்து, வேண்டியதை மூக்கால் தொட்டுக்காட்டும்படி 23 குதிரைகளுக்குக் கற்பித்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அத்தனையும் கற்றுக்கொண்டன. வெயில் காய்ந்த நாட்களில் போர்வையை எடுக்கச் சொல்லின. மழையும் காற்றும் குளிருமான நாட்களில் போர்த்தச் சொல்லின. தாம் தெரிவிப்பதை மனிதர் கேட்டு நடக்கிறார்கள் என்பது விளங்கியபின், அவற்றுள் சில, சோதனை தொடங்குவதற்கு முன்பே பயிற்சியாளரைக் கண்டு கனைத்துக்கொண்டு ஓடிவந்தன.